தென்காசியில் டபுள் பெட்ரூம் வீடு தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. அப்போதிலிருந்து இங்கே மாற்றலாகி வருகிற அரசு ஊழியர் குடும்பங்கள் கூடிவிட்டன. அதற்கும் முன்பே பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்து, சென்னையில் இருந்த பிள்ளைகள் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வீடு தேடுகிறவர்கள் பெருகிய வேகத்துக்கு வீடுகள் பெருகவில்லை.

நான் இந்த ஊரில் மூன்று வாடகை வீடுகளில் இருந்திருக்கிறேன். வீடு பார்க்க வந்த நண்பர்கள் பலருடன் தெருத்தெருவாக நடந்தும் இருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். பாதிக்கு மேல் எந்தச் சின்ன ஊருக்கும் பொருந்தும்.

செல்போன் செயலிகளில் தேடினால் நாலைந்து வீடுதான் காட்டுகிறது. ஊரில் வீடே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அவை செயலிக்கு வருவதில்லை. இங்கே ஒரு வீடு காலியாகப் போகிறது என்றால் முதலில் தெரிவது பக்கத்து வீட்டுக்கு, அப்புறம் தெருமுனை மளிகைக் கடைக்கு, அப்புறம் துணி தேய்க்கிறவருக்கு, பால்காரருக்கு, கேபிள்காரருக்கு. டூலெட் போர்டு தொங்குவதற்கு முன்பே பல வீடுகள் கைமாறிவிடும்.

அதனால் பிடித்த பகுதியை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கே நடந்து போய்க் கேளுங்கள். வண்டியில் போனால் பாதி வீடு கண்ணில் படாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அல்லது ஞாயிறு காலை நல்ல நேரம். வாசலில் ஆட்கள் இருப்பார்கள். கேட்கும்போது "வீடு இருக்கா?" என்று மட்டும் கேட்காமல், எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், எப்போது குடிவரணும் என்ற மூன்றையும் சொல்லி, நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் இரண்டாவது வீடு இப்படித்தான் கிடைத்தது. தேய்ப்புக் கடை அண்ணாச்சி ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டு, "அந்தப் பச்சை கேட் வீட்டுக்காரங்க மாத்தலாகிப் போறாங்க, உடனே வந்து பேசிருங்க" என்றார். அவர் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அலுவலகத்தில் உடன் வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். மாற்றலாகிப் போகிற ஊழியரின் வீடு, மாற்றலாகி வருகிற ஊழியருக்கே போவது இங்கே வழக்கம். வீட்டுக்காரருக்கும் அதுதான் பிடிக்கும்.

புரோக்கர் வைத்துக்கொள்ளலாமா?

ஒரே வாரத்தில் வீடு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம். பாதி மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை கேட்பார்கள். முதல் நாளே தொகையைப் பேசிவிடுங்கள். வீடு காட்டுவதற்கே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீடு முடிந்து, சாவி கைக்கு வந்த பிறகுதான் கமிஷன்.

எந்தப் பகுதியில் பார்க்கலாம்?

வேலை எங்கே, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எங்கே என்பதைப் பொறுத்தது. காசி விஸ்வநாதர் கோவிலைச் சுற்றிய வீதிகளில் இருந்தால் எல்லாம் நடக்கிற தூரம். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று எதற்கும் வண்டி எடுக்க வேண்டாம். ஆனால் வீடுகள் பழையவை, குறுகி நீளமாகப் போகும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. தேரோட்டம், திருவிழா நாட்களில் தெருவுக்குள் வண்டியே வர முடியாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் தாமாகவே கோவிலுக்கும் கடைக்கும் போய் வரலாம். அந்தச் சுதந்திரம் பெரிது.

புது வீடு, கார் நிறுத்த இடம், கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும் என்றால் குற்றாலம் சாலைப் பக்கம் மேலகரம், அல்லது குத்துக்கல்வலசை. இலஞ்சி அமைதியான ஊர், வயல்வெளி பார்த்த வீடுகள் உண்டு. மத்தளம்பாறையில் வேலை என்றால் அந்தப் பக்கமாகவே பார்ப்பது நல்லது. ஆய்க்குடியிலும் பாவூர்சத்திரத்திலும் வாடகை குறையும், ஆனால் தினமும் பஸ்ஸுக்கும் பெட்ரோலுக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு விஷயம்: மேலகரம், இலஞ்சி, குற்றாலம், ஆய்க்குடி எல்லாம் தனித்தனிப் பேரூராட்சிகள். தென்காசி நகராட்சி வேறு. குப்பை எடுப்பது, குழாய்த் தண்ணீர் விடுகிற முறை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பக்கத்துத் தெருவில் இருக்கிற நண்பரிடம் கேட்டால் போதாது, அந்தத் தெருவிலேயே கேட்க வேண்டும்.

வாடகை எவ்வளவு சொல்வார்கள்?

நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன். பழைய காம்பவுண்டு வீடு, இரண்டு படுக்கையறை என்ற பெயரில் ஒரு அறையும் ஒரு சின்ன அறையும் என்றால் 6,000 முதல் 8,000 ரூபாய். கொஞ்சம் புதுசு, இரண்டு பாத்ரூம், பைக் நிறுத்த இடம் என்றால் 8,000 முதல் 11,000. லிஃப்ட் வைத்த அடுக்குமாடி என்றால் அதற்கும் மேலே, கூடவே மாதப் பராமரிப்புத் தொகை தனியாக.

பேரம் பேசலாம். ஆனால் வாடகையில் 500 குறைக்கச் சொல்வதைவிட, "சமையலறைக்கு ஒரு ஷெல்ஃப் அடித்துக் கொடுங்க", "ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அது அவர்கள் வீட்டிலேயே தங்குகிற செலவுதானே.

சீசன் நேரத்தில் வீடு பார்க்கலாமா?

பார்க்கிறதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. குடிபோகத்தான் சிரமம்.

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று வரும், கூடவே சாரல். கோடையில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். சாரல் அடிக்கிற நாளில் போனால்தான் மேற்குச் சுவர் ஈரம் உறிஞ்சுகிறதா, ஜன்னல் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறதா என்பது தெரியும். என் முதல் வீட்டை ஏப்ரலில் பார்த்து முடித்தேன். ஜூலையில் மேற்குப் பக்கத்து அறை பீரோவில் இருந்த துணியெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது. அம்மாவின் பட்டுச்சேலை இரண்டு போயின. அதிலிருந்து மேற்குச் சுவரைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் எந்த வீட்டையும் முடிப்பதில்லை. கோடையில் பார்க்கிறீர்கள் என்றால் சுவரின் அடியில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, ஒரு சுவருக்கு மட்டும் புதுசாக அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுதான் தடயம்.

இன்னொன்று. குற்றாலத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் சீசனில் வீடுகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். ஒரு நாளில் கிடைக்கிற பணம் மாத வாடகையில் பெரும்பங்கு. அதனால் செப்டம்பரில் "தாராளமா இருங்க" என்று சொல்லி வீடு கொடுத்துவிட்டு, மே மாதம் வந்ததும் "என் பையன் வர்றான், வீடு வேணும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பகுதியில் வீடு எடுத்தால், போன சீசனில் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் காலத்தைத் தெளிவாக எழுதுங்கள். மாடியில் நாள் வாடகைக்கு ஆள் விடுகிற வீடாக இருந்தால், கீழே குடியிருப்பது மூன்று மாதம் தூக்கத்தை இழப்பதற்குச் சமம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு அங்கே போக வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழையையும் மறக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். "அந்த மழைக்கு இந்தத் தெருவில் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் போதும், பக்கத்து வீட்டுப் பாட்டி சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவார்.

வீட்டுக்குள் போனதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தண்ணீர். மற்றதெல்லாம் அப்புறம்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குளிக்கவும் துவைக்கவும் சமாளிக்கலாம், சமையலுக்கு முடியாது. அப்படியானால் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து? நகராட்சிக் குழாய் வீட்டுக்குள் இருக்கிறதா, காம்பவுண்டுக்குப் பொதுவா, தெருமுனையிலா? எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? வேலைக்குப் போகிற இரண்டு பேர் உள்ள வீட்டில், காலை பத்து மணிக்குத் தண்ணீர் விட்டால் பிடிக்க ஆள் இல்லை. கீழே தொட்டி இருந்து அது தானாக நிரம்புகிற வீடு என்றால் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

மோட்டார் யார் போடுவது என்பதையும் கேட்டுவிடுங்கள். மாடியில் வீட்டுக்காரர், கீழே நீங்கள், ஒரே மோட்டார் என்றால் அதன் சுவிட்ச் யார் வீட்டுக்குள் இருக்கிறதோ அவர் கையில்தான் உங்கள் குளியல் நேரம் இருக்கிறது.

அப்புறம், இரண்டாவது படுக்கையறையை உண்மையிலேயே அளந்து பாருங்கள். ஒரு கட்டில் போட்டு, பீரோ வைத்து, பீரோ கதவு திறக்குமா? பழைய வீடுகளில் பட்டாசலை, அதாவது கூடத்தை, தடுத்து "ரெண்டாவது ரூம்" என்று காட்டுவார்கள். அதற்கு ஜன்னல் இருக்காது. முதல் அறையைக் கடந்துதான் இரண்டாவது அறைக்குப் போக வேண்டும் என்ற அமைப்பும் உண்டு. மாமியார், மருமகள், வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது ஒத்துவராது.

மாடிப்படி உயரம், பாத்ரூம் வாசல்படி, அடுப்படியில் சிலிண்டர் வைக்கிற இடம், இன்வெர்ட்டருக்கு வயர் இழுத்திருக்கிறார்களா, செல்போன் சிக்னல் உள்ளறையில் எடுக்கிறதா என்பதையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், அந்தத் தெருவில் எந்த இணைய இணைப்புக் கம்பி வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு முடியுங்கள்.

ஈபி பில் பற்றி என்ன கேட்க வேண்டும்?

ஒரே கேள்விதான்: "இந்த வீட்டுக்குத் தனி சர்வீஸ் இருக்கா?"

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே சர்வீஸில் ஓடினால் 100 யூனிட்டும் பங்காகும், கூட்டுப் பயன்பாடு மேல் அடுக்குக்குப் போய் எல்லோருக்கும் விலை கூடும். சில வீட்டுக்காரர்கள் உள்ளே ஒரு துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்களே ஒரு விலை வைத்து வாங்குவார்கள். அந்த வீட்டில் இலவச யூனிட் உங்கள் கைக்கு வரவே வராது. ஏசி இருக்கிறது, கீசர் இருக்கிறது என்றால் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் இதிலேயே போய்விடும்.

தனி சர்வீஸ் என்றால் இணைப்பு எண்ணை வாங்கிப் பாக்கி இல்லையா என்று மின்வாரிய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். குடிபோகிற அன்று மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

இங்கே ஐந்து மாத வாடகை கேட்கிறவர்களும் உண்டு, 50,000 என்று உருண்டையாகக் கேட்கிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. வீட்டுக்காரரிடம் சட்டத்தை எடுத்து வீச வேண்டாம். "மூணு மாசம்தானே கணக்கு, அதைத் தந்துடுறேன்" என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். பலர் நாலுக்கு இறங்கி வருவார்கள்.

கொடுக்கிற பணத்தை வங்கி வழியாகவோ ஜிபேயிலோ கொடுங்கள். கையில்தான் வேண்டும் என்றால் ரசீது எழுதி வாங்குங்கள்.

வாடகையே வேண்டாம், ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார். நல்லதுதானே?

நெல்லை, தென்காசிப் பக்கம் ஒத்தி என்பார்கள், வேறு ஊர்களில் போகியம் அல்லது லீஸ். மூன்று, நான்கு, ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருப்பது, போகும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. கேட்க இனிமையாக இருக்கும். பல குடும்பங்கள் நல்லபடியாக இருந்து வாங்கிப் போயும் இருக்கிறார்கள்.

ஆனால் இது உங்கள் சேமிப்பு முழுவதையும் ஒரு மனிதர் கையில் கொடுப்பது. அந்த மனிதர் ஏன் மொத்தமாகப் பணம் கேட்கிறார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் கடன் இருக்கும். அந்த வீடே வங்கியில் அடமானத்தில் இருந்தால், அவர் தவணை கட்டாமல் போகிற அன்று வங்கி வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டும். உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பல்ல.

அதனால் ஒத்தி என்றால் மூன்று காரியம் கட்டாயம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, கடன் விவரம்) எடுத்துப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், நகல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அசல் எங்கே என்று கேளுங்கள். வங்கியில் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் சில சமயம் வில்லங்கத்தில் வராது, அசல் இல்லாததுதான் அதற்கு அடையாளம். மூன்றாவது, ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 100 ரூபாய்க்கு மேல் போகிற இப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவு செய்தால்தான் சொத்தின் மீது உங்களுக்குப் பிடி இருக்கும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்டுக்கொள்வது போதாது. பதிவுக்குச் செலவாகும் என்று வீட்டுக்காரர் தயங்கினால் அந்தச் செலவை நீங்களே பாதி ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் மாத வாடகை வீடே பாருங்கள்.

தெரிந்தவர் மூலமாகக் கிடைத்த வீடு. ஒப்பந்தம் எழுதச் சொன்னால் தப்பாக நினைப்பாரோ?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரும் தயங்குகிறார்கள். நானும் தயங்கினேன். என் முதல் வீட்டுக்காரர் அப்பாவின் நண்பருக்கு நண்பர். "நமக்குள்ள எதுக்கு பத்திரம்?" என்றார். நன்றாகத்தான் இருந்தோம். தீபாவளிக்குப் பலகாரம் போகும், வரும். இரண்டு வருடம் கழித்து அவர் உடம்புக்கு முடியாமல் மகன் கணக்குப் பார்க்க வந்தார். "அப்பா இருபதாயிரம்தான் வாங்கினதா சொல்றாங்க" என்றார். நான் கொடுத்தது 40,000, கையில் ரொக்கமாக. பெரியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவு தவறிவிட்டது. மகனும் கெட்டவர் இல்லை, அவரிடம் தாள் எதுவும் இல்லை. பாதிப் பணம் போனது. அதைவிட, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் வலி.

தெரிந்தவர் என்பதால்தான் எழுத வேண்டும். கேட்க ஒரு வழி உண்டு. "ஆபீஸ்ல கேக்குறாங்க, வாடகை ஒப்பந்தம் கொடுக்கணும்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அது உண்மையும்கூட. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, ஆதார் முகவரி, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று எதற்காவது அந்தத் தாள் கட்டாயம் தேவைப்படும்.

எழுதுகிறபோது வாடகை, அட்வான்ஸ், வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, மின் கட்டணமும் தண்ணீர் வரியும் யார் கட்டுவது, பெயிண்ட் யார் பொறுப்பு, எத்தனை சாவி, மொட்டைமாடியைப் பயன்படுத்தலாமா, வண்டி எங்கே நிறுத்துவது எல்லாம் வரட்டும். ஃபேன், டியூப்லைட், கீசர் எத்தனை என்று கடைசியில் ஒரு பட்டியல். வீட்டின் குறைகளைப் படம் எடுத்துத் தேதியோடு இருவர் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

11 மாதத்துக்குத்தான் எழுதுவோம் என்கிறார்களே, ஏன்?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்க வந்த வழக்கம்தான் 11 மாதம். ஆனால் நான் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி அந்தப் பொறுப்பில் இருப்பார். இணையத்திலேயே விண்ணப்பித்து ஒரு பதிவு எண் வாங்கலாம். சின்ன ஊர்களில் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. செய்துவையுங்கள் என்றுதான் சொல்வேன். தகராறு என்று வந்தால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பைப் உடைந்தால் யார் சரி செய்வது? வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்களாமே?

ஒப்பந்தத்தில் வேறு எழுதாவிட்டால், சட்டத்தின் அட்டவணை பிரித்தே சொல்லியிருக்கிறது. கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, கீசர் ரிப்பேர், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர். ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம், அவ்வளவுதான். வழக்கத்தை ஒத்துக்கொள்வதானால் "இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை" என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கேட்கிறார்கள். நேராகக் கேட்காமல் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது, சைவமா என்று சுற்றி வருவார்கள். என்னோடு வீடு பார்க்க வந்த நண்பர் ஒருவருக்கு, போனில் பேசும்போது காலியாக இருந்த வீடு, பெயரைச் சொன்னதும் "நேத்தே பேசி முடிச்சாச்சு" ஆகிவிட்டது. அடுத்த மாதமும் அந்த வீட்டில் போர்டு தொங்கியது. அவர் முகத்தை அன்று நான் பார்த்தேன். ஒரு மனிதரை அப்படி வாசலில் நிறுத்துவது அநியாயம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "நான் இன்ன இடத்துல வேலை பார்க்குறேன், வீட்டுல நாலு பேர், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துரும்" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்கு மேலும் தோண்டினால் விட்டுவிடுங்கள். அப்படி நுழைந்த வீட்டில் வருகிற விருந்தாளி, அடுப்படி வாசனை என்று எல்லாமே கண்காணிப்பில்தான் இருக்கும். இப்படிக் கேட்காத வீட்டுக்காரர்களும் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். உடன் வேலை செய்கிறவர்கள் முன்பு குடியிருந்த வீடுகளில் தேடினால் அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்.

அசைவம் சமைப்பது பற்றி மட்டும் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். குடிவந்த பிறகு அந்தப் பேச்சு வந்தால் இரண்டு பக்கமும் கஷ்டம்.

தனியாக வேலை பார்க்கும் பெண். டபுள் பெட்ரூம் தருவார்களா?

தோழியோடு சேர்ந்து எடுத்தால் எளிது. தனியாக என்றால் வீட்டுக்காரர் குடும்பம் கீழேயோ மேலேயோ இருக்கிற வீட்டில் ஒத்துக்கொள்கிறார்கள். அப்பாவை ஒருமுறை கூட்டிவா என்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஷிப்ட் வேலை என்றால் இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லி, கேட் சாவி ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டைப் பத்து மணிக்குப் பூட்டிவிடுகிற வீடு உங்களுக்கு வேண்டாம். பெண் ஆசிரியர்கள், செவிலியர்கள் முன்பு குடியிருந்த வீடுகளைத் தேடிப் போங்கள்.

ஆடி மாதம் வீடு மாறலாமா?

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானவர்கள் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் காலியான வீடு அப்படியே நிற்கும், வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்துப் பேசுவார். நம்பிக்கை உள்ளவர்கள் ஆனி கடைசியிலேயே ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமான்களை அப்புறம் கொண்டுபோகிறார்கள். ஆனால் பால் காய்ச்சிய நாளிலிருந்தே வாடகை ஓடுமா என்பதைப் பேசிக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கழிக்க வீட்டுக்காரரின் பான் எண் வேண்டுமாமே?

ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வேண்டும். மாதம் 8,333 வரை என்றால் தேவைப்படாது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கழிவு. பான் கொடுக்கத் தயங்குகிற வீட்டுக்காரர்கள் உண்டு, எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மார்ச் மாதம் போய்க் கேட்டால் கிடைக்காது.

காலி செய்யும்போது அட்வான்ஸ் உடனே கிடைக்குமா?

காலி செய்து ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வீட்டுக்காரர்கள் அட்வான்ஸைச் செலவு செய்திருப்பார்கள், அடுத்த ஆள் வந்து கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். அதனால் முன்னறிவிப்பு கொடுத்த அன்றே அடுத்த ஆளைத் தேட நீங்களும் உதவுங்கள். தேய்ப்புக் கடையில் சொல்லுங்கள், அலுவலகத்தில் சொல்லுங்கள். கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

கடைசி நாள் ஈபி மீட்டரை மறுபடி படம் எடுங்கள், பாக்கியைக் கட்டிவிடுங்கள். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்து, வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, வீட்டுக்காரரை வரச் சொல்லி அறை அறையாக நடந்து காட்டுங்கள். பணம் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். பணம் அப்புறம் என்றால், எவ்வளவு, எந்தத் தேதி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். கேஸ் ஏஜென்சியிலும் பால்காரரிடமும் புது முகவரியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.